பறக்கும் கமராவுக்கு எந்தச் சட்டம்?

தை பிறந்தால் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கும். அதில் ஏறும் பெரிய பட்டங்களைப் பார்ப்பவர்கள் நிறத்தையும் வாலையும் பார்த்து வியப்பார்கள். பட்டம் கட்டுகிறவனோ சட்டத்தைத்தான் பார்ப்பான். மூங்கிலைப் பிளந்து, சீவி, இரு பக்கமும் ஒரே நிறை வருகிறதா என்று விரலில் தாங்கிப் பார்த்த பிறகுதான் தாள் ஒட்டுவது வழக்கம். சட்டம் பிழைத்தால் முச்சையை எத்தனை முறை மாற்றிக் கட்டினாலும் பட்டம் ஒரு பக்கமாகவே சாயும் என்பது எங்கள் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே தெரியும்.

அந்தப் பிள்ளைகளில் சிலர் இப்போது வேறொரு சட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். நான்கு மோட்டரும் நான்கு விசிறியும் ஒரு சிறு கமராவும் பூட்டி, அந்தக் கமரா காண்பதைக் கண்ணாடி ஒன்றுக்குள் பார்த்தபடி ஓட்டும் ட்ரோன் அது. எப்.பி.வி. ட்ரோன் என்று சொல்கிறார்கள். துண்டு துண்டாக வாங்கி வீட்டிலேயே பூட்டலாம். பூட்டத் தொடங்குமுன் தெரிய வேண்டியது சட்டம். பணம் கொடுக்கப்போவது பெற்றோர் ஆகையால் இக்கட்டுரை பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது. இரண்டு மூன்று தடவை இடம்பெயர்ந்து, விட்டுவந்ததை மறுபடி தேடிச் சேர்த்த குடும்பத்தில் ஒரு போகத்து வெங்காயப் பணம் எவ்வளவு பெரியது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதலில் ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். கலியாண வீட்டில் படம் எடுப்பவர் கொண்டுவரும் ட்ரோன் கையை விட்டாலும் செய்மதியின் உதவியால் அந்தரத்தில் அசையாமல் நிற்கும். வீட்டில் பூட்டும் எப்.பி.வி. ட்ரோன் பெரும்பாலும் அப்படி நில்லாது. ஓட்டுபவரின் விரல் பிழைத்த அடுத்த நொடியே அது தரையிலோ தென்னையிலோ மோதும். பழகும் காலத்தில் நாளுக்குப் பலமுறை விழும். ஆகவே சட்டம் வாங்கும்போது எவ்வளவு வேகமாகப் பறக்கும் என்பதைப் பிறகு பார்க்கலாம். எங்கே விழும், விழுந்தால் எது முறியும், முறிந்ததை யார் மாற்றுவார் என்பவற்றுக்கு முதலில் விடை வேண்டும்.

இங்கே அதற்கு என்ன வேலை?

கொடிகாமத்தைச் சுற்றிய தென்மராட்சி மண் தென்னை மண். 2000 ஆம் ஆண்டுச் சண்டையின்போது இப்பகுதி மக்கள் கிட்டத்தட்ட முழுவதுமாக இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தபோது தலையிழந்த தென்னையும் பனையும் எத்தனை நின்றன என்பதை வந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு வைத்த கன்றுகள் இன்று காய்க்கும் மரங்கள். அவற்றையும் அண்மைய ஆண்டுகளில் வெள்ளை ஈ பிடித்திருக்கிறது. மரம் ஏறும் தொழிலுக்கு ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது.

வெள்ளை ஈ ஓலையின் அடிப்பக்கத்தில் இருந்து சாறு உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பு நீர் கீழ் ஓலைகளின் மேற்புறத்தில் விழ, அதில் கரும்பூசணம் படரும். உயரத்தில் நின்று நேர் கீழே படம் எடுக்கும் ட்ரோன் கறுப்பைக் காட்டுமே தவிர ஈயைக் காட்டாது. மரத்தின் பக்கமாக, வட்டின் உயரத்துக்கு ஏறி, ஓலையின் அடியைப் பார்க்கக்கூடிய சிறிய கமராவுக்கு அங்கே ஒரு வேலை உண்டு. காண்டாமிருக வண்டு குருத்தை வெட்டிய அடையாளத்தையும், விரிந்த ஓலையில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் தெரியும் முக்கோண வெட்டுகளையும் அதனால் பார்க்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இது மருந்து தெளிக்காது. பத்து லீற்றர் மருந்து சுமக்கும் ட்ரோன் வேறு இனம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்துத் தக்ஷா குழுவினர் 2020 இல் கொரோனாக் காலத்தில் கிருமிநாசினி தெளிக்கப் பயன்படுத்தியவை அந்த இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் சட்டம் ஆளளவு அகலமானது. ஐந்தாறு அடி உயரக் கன்றுகளைப் பார்க்க எந்த ட்ரோனும் தேவையில்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும், கண்ணே போதும்.

அங்குலக் கணக்கு

இந்தச் சட்டங்களை விசிறியின் விட்டத்தை வைத்து அங்குலத்தில் சொல்வார்கள். மூன்றங்குலச் சட்டம், ஐந்தங்குலச் சட்டம், ஏழங்குலச் சட்டம் என்பவை கடையில் கேட்கும் பெயர்கள். ஒரு மூலை மோட்டரிலிருந்து எதிர்மூலை மோட்டருக்கு உள்ள தூரத்தை மில்லிமீற்றரிலும் குறிப்பார்கள். ஐந்தங்குலச் சட்டத்தில் அது 210 முதல் 230 வரை வரும். ஏழங்குலத்தில் 300 ஐ அண்டி இருக்கும்.

உலகமெங்கும் அதிகம் விற்பது ஐந்தங்குலம். உதிரிப்பாகம் எளிதில் கிடைப்பது அதற்குத்தான். காற்றையும் நன்றாகத் தாங்கும். ஆனால் பற்றரியோடு சேர்த்து நிறுத்தால் 600 முதல் 750 கிராம் வரை வரும். உரித்த தேங்காய் ஒன்றின் நிறை அது. தென்னை உயரத்திலிருந்து உரித்த தேங்காய் ஒன்று, அதுவும் சுழலும் நான்கு கத்திகளோடு, வளவில் விளையாடும் பிள்ளை மேல் விழுவதை எண்ணிப் பாருங்கள். ஐந்தங்குல விசிறி விரலில் பட்டால் எலும்பு வரை வெட்டும். இது மிகைப்பேச்சு அல்ல.

மூன்றங்குலச் சட்டம் 250 முதல் 400 கிராமுக்குள் முடியும். விசிறியைச் சுற்றி வளையம் அமைந்த வகையும் இதில் உண்டு. ஓலையில் மெல்லத் தட்டினால் வளையம் தட்டி விலகும். வெறும் விசிறி என்றால் சிக்கி நின்றுவிடும். ஆட்கள், ஆடு மாடு, கோழி எல்லாம் இருக்கும் வளவுக்கு இது பொருத்தம். குறையும் இருக்கிறது. வளையம் காற்றைப் பிடிக்கும். சோளகம் வீசும் மாதங்களில் பிற்பகலில் இதை வெளியில் எடுக்கவே கூடாது, காற்று கொண்டுபோய்விடும். விடியற்காலையில், ஓலை அசையாதிருக்கும் வேளையில் வேலையை முடித்துவிட வேண்டும். எப்படியும் ஒரு பற்றரிக்கு ஐந்தாறு நிமிடப் பறப்புத்தான். ஒரு காலையில் ஐந்து மரம் பார்த்தால் அதுவே நல்ல வேலை.

ஏழங்குலம் தூரம் போகும், நெடுநேரம் நிற்கும். பிள்ளைகள் அதற்கே ஆசைப்படுவார்கள். முதற் சட்டமாக அதை வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்பது எமது அபிப்பிராயம். அதன் காரணங்களில் ஒன்று கீழே வரும்.

மூங்கிலா, காபன் நாரா?

மூங்கில் இருக்கையில் காசு கொடுத்து ஏன் சட்டம் வாங்க வேண்டும் என்று கமக்காரர் ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. விடை பட்டத்திலேயே இருக்கிறது. பட்டச் சட்டம் வளைய வேண்டும். காற்று கூடும்போது மூங்கில் வளைந்து கொடுப்பதால்தான் பட்டம் கிழியாமல் நிற்கிறது. ட்ரோன் சட்டம் வளையக் கூடாது. நான்கு மோட்டர்களும் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல்கின்றன. நடுவில் இருக்கும் மின்பலகையில் சாய்வை உணரும் சிறு கருவி ஒன்று உண்டு. அது சாய்வை உணர்ந்து ஒவ்வொரு மோட்டருக்கும் நொடிக்கு நொடி கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கை நடுங்கினால் அந்த நடுக்கத்தை அது சாய்வு என்று எண்ணித் திருத்தப் பார்க்கும். திருத்தத் திருத்த நடுக்கம் கூடும். மோட்டர் சூடாகும். படம் பாகு போல் ஆடும்.

ஆகவே விறைப்பும் இலேசும் சேர்ந்த பொருள் வேண்டும். அந்த இரண்டிலும் காபன் நார்த் தகட்டை மிஞ்ச இந்த விலையில் வேறொன்றில்லை. மரத்தில் செய்தவர்களும் உண்டு. சுவீடனைச் சேர்ந்த டேவிட் விண்டெஸ்டால் மரக் கைகள் கொண்ட மூன்று மோட்டர் ட்ரோனைச் செய்து காட்டியதைப் பார்த்து உலகெங்கும் பலர் அப்படியே செய்தார்கள். மரம் அதிர்வை உள்வாங்கும், முறிந்தால் தச்சுக் கொட்டிலில் இன்னொரு துண்டு கிடைக்கும். ஆனால் அவை பெரிய விசிறியோடு மெதுவாகப் பறந்தவை. எங்கள் பனை மரம் கூரைச் சலாகைக்குச் சிறந்தது. இதற்கு அது கனம், நார் நாராகப் பிளந்தும் போகும். முப்பரிமாண அச்சில் வார்த்த பிளாஸ்ரிக் சட்டத்தைச் சிலர் மலிவு என்று காட்டுவார்கள். அந்த அச்சுக்கு அதிகம் பயன்படும் பிளாஸ்ரிக் 60 பாகைச் சூட்டிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் பூட்டிய வாகனத்துள் விட்டுவந்தால் கை வளைந்திருக்கும். கமராப் பிடி, வளையம் போன்றவற்றுக்கு வளைந்து கொடுக்கும் மென் பிளாஸ்ரிக் நல்லது. கைக்கு ஆகாது.

தகட்டின் தடிப்பு பற்றி ஒரு கணக்கு. வீட்டுக்கு வளை போடும்போது அதைப் படுக்கையாக வைக்காமல் நிமிர்த்தி வைப்பது ஏன்? உயரம் சிறிது கூடினாலும் தாங்கும் வலு மிகக் கூடும் என்பதால். இங்கும் அதேதான். 4 மில்லிமீற்றர் கையை 5 ஆக்கினால் நிறை நாலில் ஒரு பங்கு கூடும், விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஐந்தங்குலச் சட்டத்துக்கு 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கையை வாங்காதீர்கள். மூன்றங்குலத்துக்கு 3 முதல் 4 வரை போதும். அங்கே கை குறுகியது.

காபன் நாரிடம் மூன்று கெட்ட குணங்கள் உண்டு. மின்சாரம் கடத்தும், ஆகவே வயரின் தோல் உரிந்த இடம் தகட்டில் பட்டால் பலகை எரிந்துபோகும். வானொலி அலையை மறைக்கும்; ஆகவே அன்ரெனா தகட்டுக்கு வெளியே நீட்டி நிற்க வேண்டும். வெட்டிய விளிம்பு கூரானது. பற்றரியின் மெல்லிய உறையை அது அறுத்தால் தீப்பிடிக்கும். விளிம்பை மணல்தாளால் மழுக்க வேண்டும். அதைத் தண்ணீரில் நனைத்துச் செய்யுங்கள், முகத்தை மூடுங்கள். அந்தத் தூசி சுவாசத்துக்குக் கூடாது. குழந்தை தவழும் விறாந்தையில் அந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

கை தனியாகக் கழருமா?

இரு வகைச் சட்டம் விற்பனைக்கு உண்டு. ஒன்றில் நான்கு கைகளும் அடித்தகடும் ஒரே துண்டாக வெட்டப்பட்டிருக்கும். இலேசானது, ஆணி குறைவு, பூட்ட எளிது. மற்றதில் ஒவ்வொரு கையும் தனித்தனி. இரண்டு தகடுகளுக்கு இடையில் ஆணியால் இறுக்கப்பட்டிருக்கும். ஒரே துண்டான சட்டத்தில் ஒரு கை முறிந்தால் எல்லாவற்றையும் கழற்றி, வயர்களின் ஈயப்பற்றை எடுத்து, புதிய அடித்தகட்டில் மறுபடி பூட்ட வேண்டும். தனிக்கைச் சட்டத்தில் இரண்டு மூன்று ஆணியைக் கழற்றினால் முடிந்தது. பட்டணத்தில் கடைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு முதலாவது வகை பரவாயில்லை. கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பொதி வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாவதே ஏற்றது. கொஞ்சம் கனம் கூடினாலும் கூடட்டும். சட்டம் வாங்கும் அன்றே உதிரிக் கை இரண்டு சேர்த்து வாங்கிவிடுங்கள். அடுத்த வருடம் அந்தச் சட்டம் விற்பனையில் இல்லாது போகலாம்.

வடிவத்தைப் பற்றிப் பிள்ளைகள் நீண்ட நேரம் வாதாடுவார்கள். பெருக்கல் குறி போல நான்கு கையும் சமமாக விரிந்தது ஒன்று. முன் கைகள் அகன்று விலகி, விசிறி கமராவின் பார்வைக்குள் வராதபடி அமைந்தது இன்னொன்று. ஓலையின் அடியைத் துலக்கமாகப் பார்ப்பதே நோக்கம் என்றால் இரண்டாவது உதவும். வளையம் வைத்த மூன்றங்குலத்தில் இந்த வாதத்துக்கே இடமில்லை.

வாதத்தை விட ஓட்டைகளின் அளவு முக்கியம். ஐந்தங்குல மோட்டர்கள் பொதுவாக 16 மில்லிமீற்றர் இடைவெளியில் 3 மில்லிமீற்றர் ஆணியைக் கேட்கும். மூன்றங்குல மோட்டர்கள் பெரும்பாலும் 12 மில்லிமீற்றர் இடைவெளியில் 2 மில்லிமீற்றர் ஆணியைக் கேட்கும். நடுவில் பூட்டும் மின்பலகைக்கு 30.5, 25.5, 20 என மூன்று அளவுகள் வழக்கில் உண்டு. கமராவுக்கு 19 அல்லது 14. சட்டத்தில் இல்லாத ஓட்டையைத் துளைக்கப் போனால் தகடு பிளந்துவிடும். எல்லா அளவையும் ஒரு தாளில் எழுதி, சட்டம், மோட்டர், பலகை மூன்றும் ஒத்துப்போன பிறகு பணம் கட்டுங்கள். மோட்டர் ஆணி நீளமாக இருந்தால் உள்ளே சுற்றியிருக்கும் செப்புக் கம்பியைத் தொட்டு மோட்டரைக் கெடுக்கும்; கையின் தடிப்போடு இரண்டு மூன்று மில்லிமீற்றர் கூடியிருந்தால் போதும்.

விழும் இடம்

கொடிகாமத்திலிருந்து கிழக்கே மிருசுவில், எழுதுமட்டுவாள் தாண்டினால் முகமாலை. 2000 முதல் போர் முடியும் கட்டம் வரை முன்னரங்கு இருந்த நிலம் அது. 2009 க்குப் பிறகு பல வருடங்களாக அங்கே கண்ணிவெடி அகற்றப்பட்டு வந்திருக்கிறது. துப்புரவாக்கிக் கையளிக்கப்படாத காணி எதற்குள்ளும், சிவப்புப் பலகை நிற்கும் எந்த இடத்துக்குள்ளும் ட்ரோன் விழுந்தால் அது போனது போனதுதான். எடுக்கப் போகக் கூடாது. தன் கையால் பூட்டிய பொருளைக் கண் முன்னே விட்டுவிட்டு வருவது பதினாறு வயதுப் பிள்ளைக்கு இலேசான காரியம் அல்ல. ஆகையால் பறக்க விடுமுன்பே பெற்றோர் அதைச் சொல்லி வாக்குப் பெற்றுக்கொள்ள வேண்டும். அப்படியான காணி இருக்கும் பக்கம் பறக்க விடாமல் இருப்பதே நல்லது. ஏழங்குலத்தை நாம் விலக்குவதற்கு இது ஒரு காரணம். ஓட்டுபவர் பிடித்து எடுக்க முடியாத தூரத்துக்கு அது போகும்.

இன்னொரு காரணம் அதன் பெயர். உக்ரேனில் 2022 இல் தொடங்கிய போரில் இதே ஏழங்குலச் சட்டங்களும் அவற்றை விடப் பெரியவையும் வெடிபொருள் காவிப் பறந்ததை உலகம் பார்த்தது. எங்கள் ஊரில் அப்படியான சட்டத்தோடு நிற்கும் இளைஞனை யார் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை அவன் அறியாவிட்டாலும் தாய் தகப்பன் அறிவார்கள்.

இந்தச் சட்டத்துக்கு மற்றச் சட்டமும் உண்டு. இலங்கைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை ட்ரோன்களை நிறையை வைத்தே வகுத்திருக்கிறது. 200 கிராம், 1 கிலோ, 25 கிலோ என்பன அதன் எல்லைகள். ஆகவே நீங்கள் தெரியும் சட்டம் உங்கள் ட்ரோன் எந்த வகுப்பில் விழும் என்பதையும் தீர்மானிக்கிறது. படம் அனுப்பும் கருவி வானொலிக் கருவி என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் விசாரிக்க வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளை அடுத்து நாடு முழுவதும் ட்ரோன் பறப்பது தடை செய்யப்பட்டதையும், பின்னர் அது தளர்த்தப்பட்டதையும் நினைவில் வையுங்கள்; விதி மாறக்கூடியது. பணம் கட்டுமுன் அன்றைய விதியைக் கேட்டறியுங்கள். படை முகாம், புகையிரதப் பாதை, ஏ-9 வீதி இவற்றின் பக்கம் வேண்டாம். கண்ணாடிக்குள் பார்ப்பவருக்கு வானத்தில் வேறெதுவும் தெரியாது. பக்கத்தில் வெறுங்கண்ணால் பார்த்து நிற்க இன்னொருவர் எப்போதும் வேண்டும்.

சத்தத்தையும் மறந்துவிட முடியாது. வன்னியில் இருந்தவர்கள் வேவு விமானத்தை 'வண்டு' என்று அழைத்தார்கள். வண்டு சுற்றினால் அடுத்து என்ன வரும் என்று தெரிந்து பதுங்குகுழியை நோக்கி ஓடிய பிள்ளைகள் இன்று பிள்ளைகளைப் பெற்றவர்கள். சிறிய விசிறி வேகமாகச் சுழல்வதால் கீச்சென்று கூவும்; வளையம் வைத்தது இன்னும் கூடுதலாக இரையும். சத்தமில்லாத சட்டம் என்று ஒன்று கிடையாது. அதனால் பறக்க விடுவதற்கு முதல் நாள் அயல் வீடுகளுக்குப் போய், நாளைக் காலை இத்தனை மணிக்கு எங்கள் தென்னையைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வயோதிபர் இருக்கும் வீட்டுக்குப் பொருளையே கையில் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. யாராவது வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் வேண்டாம்.

வாங்கும் நாளில்

செலவில் சட்டத்தின் பங்கு சிறியது. கண்ணாடி, படம் அனுப்பும் கருவி, மோட்டர், பற்றரி இவைதான் பணத்தை விழுங்கும். ஆகையால் சட்டத்தில் சிக்கனம் பிடித்து, அதன்மேல் விலை கூடிய பொருட்களை ஏற்றுவது சரியல்ல. வளவுக்கென்றால் வளையம் வைத்த மூன்றங்குலம். பழகி முடிந்து, வெளிக் காணியும் காற்றும் கேட்கும்போது தனிக்கைகள் கொண்ட 5 மில்லிமீற்றர் ஐந்தங்குலம். இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம்.

வந்த சட்டத்தைத் தளர்வாகப் பூட்டி மேசை மேல் வையுங்கள். நான்கு முனையும் சமமாகத் தொட வேண்டும். ஒரு முனை ஆடினால் தகடு கோணல், திருப்பி அனுப்புங்கள். எதிர்மூலைத் தூரம் இரண்டையும் அளந்து ஒன்றா என்று பாருங்கள். இரு எதிர் முனைகளைப் பிடித்து மெல்ல முறுக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி திருகினால் அது ஆகாது. எல்லாம் பூட்டி முடிந்ததும், பற்றரியையும் வைத்து, சட்டத்தின் நடுவை இரண்டு விரலில் தாங்கிப் பாருங்கள். முன்னுக்குச் சாய்ந்தால் பற்றரியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பட்டம் கட்டிய கைக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மோட்டர் சரியான பக்கம் சுழல்கிறதா என்று பார்க்கும் வரை விசிறிகளைப் பூட்டாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.